பௌதிகவியல் படித்தவர் மீத்திறன் கணினிக்கும் விஞ்ஞானக் காட்சிப்படுத்தலுக்கும் செல்லும் வழி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள விஞ்ஞான பீடத்திலிருந்து பௌதிகவியலில் சிறப்புப் பட்டத்துடன் வெளியேறும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், ஆசிரியத் தொழில் என்றோ வங்கி என்றோ மென்பொருள் நிறுவனம் என்றோதான் பெரும்பாலும் விடை வருகிறது. அந்தத் தொழில்கள் எல்லாம் மதிப்புக்குரியவை. ஆயினும் நான்கு ஆண்டுகள் படித்த பௌதிகவியலை ஒரு நாளும் கைவிடாமல், அதையே பிழைப்பாகக் கொள்ளக்கூடிய வேறொரு வழியும் உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. இயற்கையின் சமன்பாடுகளை ஆயிரக்கணக்கான செயலிகள் கொண்ட மீத்திறன் கணினியில் ஒரே வேளையில் தீர்ப்பதும், அங்கிருந்து கொட்டுகின்ற எண்களைக் கண்ணால் ஆராயக்கூடிய படமாக மாற்றுவதும் சேர்ந்த தொழில் அது. முதலாவதை உயர்திறன் கணிமை என்றும் இரண்டாவதை விஞ்ஞானக் காட்சிப்படுத்தல் என்றும் அழைக்கிறோம். அந்த வழியால் வந்தவன் என்ற முறையில், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே எங்கே தொடங்குவது, எதில் காலத்தைச் செலவிடுவது, எதை விட்டுவிடுவது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது புதிதாக முளைத்த துறை அன்று. 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்காக எழுதப்பட்ட அறிக்கை ஒன்றே விஞ்ஞானக் காட்சிப்படுத்தலைத் தனித்துறையாக நிலைநாட்டியது. முப்பரிமாண எண் தொகுதியிலிருந்து மேற்பரப்பைப் பிரித்தெடுக்க இன்றும் பயன்படுகின்ற முறையை லோரென்சென், கிளைன் என்ற இருவர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வொயேஜர் விண்கலங்கள் கோள்களைக் கடந்து செல்வதைக் கணினியில் அசையும் படமாக வரைந்துகாட்டிய ஜிம் பிளின், தம் முதற் பட்டத்தில் பௌதிகவியல் படித்தவர்.

கையில் இருப்பதும் இல்லாததும்

வேணியர் இடுக்குமானியைக் கையில் எடுத்தவுடன் அளவெடுக்கத் தொடங்காமல், தாடைகளை மூடி, அது பூச்சியத்தைக் காட்டுகிறதா என்று, அதாவது பூச்சிய வழுவைப் பார்க்கும் பழக்கம் உயர்தர வகுப்பிலேயே நமக்கு வந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் நம்மை வேறுபடுத்திக் காட்டுவது அந்தப் பழக்கந்தான். கணினி விஞ்ஞானம் படித்தவர் நம்மைவிட அழகாக நிரல் எழுதுவார். ஆனால் படத்தில் தெரியும் அலை உண்மையில் கடலில் எழக்கூடியதா, அல்லது கணிப்பு முறையின் வழு அலைபோலத் தோன்றுகிறதா என்று கேட்பதற்குப் பௌதிகவியல் படித்தவர் வேண்டும். படமும் ஓர் அளவுகருவிதான் என்று எண்ணி, அதற்குப் பூச்சிய வழு பார்க்கத் தெரிந்தவருக்கே இங்கே வேலை இருக்கிறது.

இல்லாதவை நான்கைந்து. லினக்ஸ் கட்டளை வரியில் தயக்கமின்றி வேலை செய்யத் தெரிய வேண்டும். பைதனோடு சி பிளஸ் பிளஸ் அல்லது போர்ட்ரான் ஒன்றையும் கற்க வேண்டும். போர்ட்ரானைப் பழைய மொழி என்று ஒதுக்க வேண்டியதில்லை, பல வானிலை மாதிரிகள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிற் (Git) என்ற மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். எண்சார் பகுப்பாய்வுப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தால் திரும்பவும் படிக்க வேண்டும். இவற்றுக்கு 8 கிகாபைற் நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். விலையுயர்ந்த ஜி.பி.யு. (வரைகலைச் செயலி) அட்டை வாங்குவதற்காக வீட்டில் கடன்பட வைக்க வேண்டாம். அந்தத் தேவை வரும்போது கூகிள் கொலாப் போன்ற சேவைகளில் குறிப்பிட்ட அளவுக்கு இலவசமாகவே கிடைக்கும். சான்றிதழுக்காக இணையவழிப் பாடநெறிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துச் சான்றிதழ்களைவிட, ஒரு கேள்வியை அடிமுதல் நுனிவரை எடுத்துச் சென்று முடித்த ஒரேயொரு செயற்றிட்டம் உங்களை நன்றாக அறிமுகப்படுத்தும்.

ஒரு செயற்றிட்டம்: வங்காள விரிகுடாவில் ஓர் அலை

நான் எடுத்துக்கொண்ட கேள்வி வடமராட்சி கிழக்கிலிருந்து வந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் சுனாமி இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. நம் மாவட்டத்தில் மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தது வடமராட்சி கிழக்குக் கரைதான். அந்த அலையின் பயணத்தைக் கணித்துப் படமாக்குவது என்று தீர்மானித்தேன். நீங்கள் நிலத்தடி நீரையோ பருவமழையையோ எடுக்கலாம். ஆனால் அருகே வாழும் மனிதர்களுக்குத் தெரிந்த ஒன்றாக அது இருக்கட்டும். அதன் காரணம் சற்றுப் பின்னர் விளங்கும்.

கடலின் ஆழத் தரவுகளை ஜெப்கோ என்ற சர்வதேச அமைப்பு இலவசமாக வெளியிடுகிறது. அதன் கட்டவலை 15 பாகைச் செக்கன் (ஒரு பாகையின் 240 இல் ஒரு பங்கு) இடைவெளி கொண்டது. அதாவது கட்டத்துக்குக் கட்டம் ஏறத்தாழ 460 மீற்றர். தீர்க்க வேண்டியவை ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள். சுனாமியின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், 4 கிலோமீற்றர் ஆழமுள்ள சமுத்திரங்கூட அதற்கு ஆழமற்ற நீர்தான். இதில் அலையின் வேகம், ஈர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கிப் பெறும் எண்ணின் வர்க்கமூலம். 4000 மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணித்தியாலத்துக்கு 713 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் மணித்தியாலத்துக்கு 36 கிலோமீற்றர் மட்டுமே. நிரலின் முதல் வரியை எழுதுமுன் இந்த இரு எண்களையும் கையால் கணித்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது அளவைப் பாருங்கள். வட அகலக்கோடு 0 முதல் 22 பாகை வரைக்கும், கிழக்கு நெடுங்கோடு 78 முதல் 98 பாகை வரைக்கும் எடுத்தால் 4800 × 5280, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் கட்டங்கள். ஒரு காலப்படிக்குள், அதாவது கணிப்பு ஒவ்வொரு முறையும் முன்னேறும் கால இடைவெளிக்குள், அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது, தாண்டினால் கணிப்பு வெடித்துச் சிதறும். ஆகவே ஆழமான இடங்களையும் கருத்திற்கொண்டு காலப்படியை 1 செக்கன் என வைக்கலாம். மூன்று மணித்தியால அலைக்கு 10,800 படிகள். ஒவ்வொரு படியிலும் நீர்மட்டத்தை மட்டும் வன்தட்டில் எழுதினாலும் 1 டெராபைற்றுக்கு மேல் போய்விடும். அதே பரப்பை 2 பாகை நிமிடக் கட்டங்களாகப் பிரித்தால் நிலைமை மாறுகிறது: இரு திசைகளிலும் கட்டங்கள் எட்டில் ஒன்றாகக் குறைய, காலப்படி எட்டு மடங்கு நீள, மொத்த வேலை 512 இல் ஒரு பங்காகிவிடும். இந்தக் கரடுமுரடான கணிப்பை மடிக்கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். கட்டத்தை ஒருமுறை அரைவாசியாக்க வேலை எட்டு மடங்காகப் பெருகுவதைக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தவருக்கு, மீத்திறன் கணினி எதற்கு என்று வேறெவரும் விளக்க வேண்டியிருக்காது.

நிரல் ஓடத் தொடங்கியதும் முதற் சோதனை, அசையாத கடல். அடித்தளம் எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும், அலை எதுவும் இடாத கடல் மூன்று மணித்தியாலமும் அசையாமல் கிடக்க வேண்டும். பலருடைய நிரல் இங்கேயே தோற்றுவிடும். மலைச்சரிவுகளின் மேல் தானாகச் சிற்றலைகள் எழும். அடுத்தது, மூடிய தொட்டியில் நீரின் மொத்தக் கனவளவு மாறாதிருக்க வேண்டும். அதற்கு அடுத்தது, 4000 மீற்றர் சீரான ஆழத்தில் 1000 கிலோமீற்றரைக் கடக்க அலைக்கு 84 நிமிடங்கள் செல்ல வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் எழுதிய எண் இங்கேதான் உதவும்.

என் நிரல் இந்த மூன்றிலும் சித்தியடைந்தது. அசையும் படத்தை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு, மருதங்கேணிப் பக்கம் உறவுமுறையான ஒரு கடற்றொழிலாளியிடம் காட்டினேன். அவர் அன்றைக்குக் கரையில் நின்றவர். கரை நோக்கி முதலில் நீலநிறப் பள்ளமும் அதன் பின்னால் சிவப்பு முகடும் வருவதைப் பார்த்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திரையில் விரலை வைத்து, "கடல் வத்தேல்லைத் தம்பி. முதல் வந்ததே ஏறித்தான் வந்தது" என்றார்.

அன்றிரவு முழுவதும் நிரலைப் பார்த்தேன். கடற்படுக்கை எவ்வாறு உயர்ந்து தாழ்ந்தது என்பதை ஒகாடா என்ற ஆய்வாளர் 1985 இல் வெளியிட்ட சூத்திரங்களைக் கொண்டு கணித்திருந்தேன். அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய நிலநடுக்கப் பிளவின் திசைக் கோணத்தை 180 பாகை மாற்றிக் கொடுத்திருந்தேன். அதனால் இலங்கையை நோக்கிய மேற்குப் பக்கம் உயர்வதற்குப் பதிலாகத் தாழ்ந்துபோயிற்று. உண்மையில் மேற்குப் பக்கமே உயர்ந்தது. ஆகையால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முகடு முதலில் வந்தது, தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. என்னுடைய மூன்று சோதனைகளும் சமன்பாடுகளைச் சரியாகத் தீர்த்திருக்கிறேனா என்பதை மட்டுமே பார்த்தன. சரியான பிரச்சினையைத்தான் தீர்த்திருக்கிறேனா என்பதை அவை பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அதைக் கரையில் நின்றவர் பார்த்துச் சொன்னார். அருகில் உள்ளவர்களுக்குத் தெரிந்த பிரச்சினையை எடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

வேலையைப் பங்கிடுதல்

அடுத்த கட்டம், ஒரே கணிப்பைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. ஒரு கணினிக்குள்ளே பகிர்வதற்கு 1997 இல் வந்த ஓப்பன் எம்.பி. முறையும், பல கணினிகளுக்கிடையே பகிர்வதற்கு 1994 இல் வந்த எம்.பி.ஐ. முறையும், ஜி.பி.யு. வழியாக ஓட்டுவதற்கு 2007 இல் வெளிவந்த கூடா (CUDA) முறையும் அடிப்படையானவை. முதலில் எம்.பி.ஐ. ஐப் படிக்குமாறு சொல்வேன். நான்கு கோர்கள் (செயலிக் கருக்கள்) உள்ள மடிக்கணினியிலேயே அதை ஓட்டிப் பழகலாம்.

கடலை 4 × 4 ஆகப் பதினாறு காணிகளாகப் பிரித்து ஒவ்வொரு செயலிக்கும் ஒன்றைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காணிக்குள் நடப்பதெல்லாம் ஒரு செயலிக்குத் தெரிய வேண்டியதில்லை. வேலியோரத்து ஒரு வரிசைக் கட்டங்களின் நிலை மட்டும் ஒவ்வொரு படியிலும் தெரிந்தாற் போதும். ஒரு காணியில் 1200 × 1320, அதாவது பதினாறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான கட்டங்கள், வேலியோரத்தில் 5040. பரிமாறிக்கொள்ள வேண்டியது 0.3 வீதம் மட்டுமே. இதையே 1024 காணிகளாகத் துண்டாடினால், ஒவ்வொன்றிலும் 24,750 கட்டங்கள், வேலியோரத்தில் 630, அதாவது 2.5 வீதம். காணி சிறுக்கச் சிறுக்க, உழுகின்ற நேரம் குறைந்து வேலியில் நின்று கதைக்கின்ற நேரம் கூடும். செயலிகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் வேகம் அதே வீதத்தில் கூடாததற்கு இது ஒரு காரணம்.

மற்றக் காரணத்தைக் கணினி வடிவமைப்பாளர் அம்டால் 1967 இலேயே காட்டிவிட்டார். வேலையில் 5 வீதம் பகிர முடியாததாக இருந்தால், எத்தனை ஆயிரம் செயலிகளைக் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கை மீறாது. என் நிரலில் அந்தப் பகிர முடியாத பகுதி கணிப்பில் இருக்கவில்லை. எல்லாத் தரவையும் ஒரே செயலிக்குக் கொண்டுவந்து கோப்பில் எழுதிய வரிகளில் இருந்தது. ஆகவே நிரலின் எப்பகுதிக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை அளந்து பாராமல் எதையும் திருத்தப் புறப்படாதீர்கள். 1, 2, 4 செயலிகளுக்கான நேரங்களை வரைபாக்கி வையுங்கள். பிற்காலத்தில் விண்ணப்பத்தோடு இணைக்க அதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

2024 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் முதலிடம் பெற்ற எல் கப்பிற்றான் என்ற கணினி செக்கனுக்கு ஏறத்தாழ 17,400 கோடி கோடி கணிப்புகளைச் செய்து காட்டியது. அத்தகைய கணினிகளில் கணிப்பதைவிடத் தரவை இடம் மாற்றுவதும் எழுதி வைப்பதுந்தான் பெரும் செலவு. ஆதலால் கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தரவு நினைவகத்தில் இருக்கையிலேயே படத்தை ஆக்கிவிடும் முறை பரவியிருக்கிறது. உயர்திறன் கணிமையும் காட்சிப்படுத்தலும் இரண்டு தொழிலாக இருந்து ஒன்றாகி வருவது இங்கேதான். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

கணிப்பு இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான மீள்தொடக்கக் கோப்பை எழுதும் வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். 2022 இல் நாள்தோறும் நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தில் மடிக்கணினியின் மின்கலம் இறங்கி, இரண்டு இரவு ஓடிய கணிப்பை இழந்த பிறகே நான் அதைக் கற்றேன். பெரிய கணினி நிலையங்களிலும் ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்தால் அதை இடையிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே எல்லோருடைய வேலைகளும் ஸ்லர்ம் போன்ற வரிசைப்படுத்தும் மென்பொருள் ஊடாகவே செல்லும். சங்கக்கடை வரிசையைப் போலத்தான். எவ்வளவு வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு என்று முன்னரே சரியாகச் சொல்பவருக்கு விரைவில் இடம் கிடைக்கும்.

படத்தைச் சந்தேகிக்கப் பழகுதல்

காட்சிப்படுத்துவதற்குப் பாராவியூ என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். லொஸ் அலமோஸ் ஆய்வுகூடமும் கிற்வெயார் நிறுவனமும் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. மடிக்கணினியில் ஓடுகின்ற அதே மென்பொருள் பல்லாயிரம் கோர்களிலும் ஓடும் என்பதால், வீட்டில் பழகியது வீணாகாது. அதன் அடியில் இருப்பது வி.ரி.கே. என்ற நிரற்றொகுப்பு, தொழிலாக இதைச் செய்ய விரும்புபவர் பாராவியூவின் பொத்தான்களோடு நின்றுவிடாமல் வி.ரி.கே. க்குள்ளும் இறங்க வேண்டும்.

வானவில் நிறவரிசையை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடுங்கள். என் முதற் படத்தில் முகட்டுக்குப் பின்னால் இன்னொரு பிரகாசமான மஞ்சள் வளையம் தெரிந்தது. அதை இரண்டாம் அலை என்று எண்ணி அறிக்கையில் ஒரு பந்தியே எழுதிவிட்டேன். என்னுடைய மேற்பார்வையாளர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "இந்தக் கோட்டின் வழியே நீர்மட்டத்தை வெறும் வரைபாகக் கீறிக் கொண்டு வாரும்" என்றார். கீறினேன், வழவழப்பான ஒரேயொரு சரிவுதான் இருந்தது. வானவில்லில் மஞ்சள் மற்ற நிறங்களைவிட வெளிச்சமானது என்பதால், சரிவில் எந்த எண்ணுக்கு மஞ்சள் விழுந்ததோ அங்கே இல்லாத விளிம்பு ஒன்றைக் கண் கண்டுவிட்டது. பந்தியை அழித்தேன். வெளிச்சம் சீராகக் கூடிச் செல்லும் நிறவரிசைகள் இப்போது இலகுவாகக் கிடைக்கின்றன. பைதனில் வரைபு கீறப் பயன்படும் மற்பிளொட்லிப் 2017 முதல் விரிடிஸ் என்ற அத்தகைய ஒன்றையே இயல்பாகத் தருகிறது. நீர்மட்டத்தைப் போல மேலும் கீழும் போகின்ற கணியத்துக்கு, பூச்சியத்தில் வெண்மையும் இரு பக்கமும் இரு நிறமும் உள்ள நிறவரிசை பொருந்தும். ஆனால் வெண்மை சரியாகப் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதுதான் படத்தின் பூச்சிய வழு.

உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும்போதும் நேர்மை வேண்டும். 2004 சுனாமி நடுக்கடலில் பரவியபோது அதன் மேலாகச் சென்ற ஜேசன் 1 என்ற செய்மதி அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மட்டுமே. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில் 60 சென்ரிமீற்றர் உயர்வு கண்ணுக்குத் தெரியாது; பல்லாயிரம் மடங்கு பெருக்கித்தான் காட்ட வேண்டும். அந்தப் பெருக்கத்தைப் படத்திலேயே எண்ணாக எழுதாவிட்டால், நடுக்கடலில் மலைபோல் அலை நின்றது என்று பார்ப்பவர் நம்பிக்கொண்டு போவார். கடலில் நின்ற வள்ளங்களுக்கு அன்று ஒன்றும் தெரியாமல் போனதை விளக்க வேண்டிய படமே அதை மறைத்துவிடும்.

வேலைக்கும் மேற்படிப்புக்கும்

இலங்கைக்குள் இந்தப் பெயரில் பதவிகள் மிகக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வானிலை, நீரியல், மருத்துவப் படிமம், பொறியியல் வடிவமைப்பு ஆகியவற்றுக்குள் வேறு பெயர்களில் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. வெளியே கணினி நிலையங்களில் காட்சிப்படுத்தல் நிபுணர், ஆய்வு மென்பொருட் பொறியியலாளர் என்ற பெயர்களைத் தேடுங்கள். மேற்படிப்புக்கு, பாகிஸ்தானிய பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தை முதலில் பாருங்கள். வளர்முக நாடுகளின் பட்டதாரிகளுக்கென்று முழுச் செலவையும் ஏற்கும் ஓராண்டு டிப்ளோமா அங்கே உண்டு. அதே நகரின் சிசா நிறுவனத்துடன் சேர்ந்து உயர்திறன் கணிமையில் முதுமாணிக் கற்கையும் நடக்கிறது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் ஈ.பி.சி.சி. என்ற கணிமை மையத்திலும் இதே துறையில் முதுமாணி உண்டு, ஆனால் அங்கே கட்டணத்துக்குப் புலமைப்பரிசில் தேட வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் உங்கள் செயற்றிட்டத்தின் நிரல், அதை எவரும் ஓட்டிப் பார்ப்பதற்கான குறிப்பு, மூன்று சோதனைகளின் முடிவுகள், செயலிகளுக்கேற்ப நேரம் மாறும் வரைபு, முழுமையான விளக்கத்துடன் ஒரேயொரு படம் ஆகியவை இருக்கட்டும். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவருடைய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதில் விளங்காத ஓர் இடத்தைக் குறித்துக் கேளுங்கள். விளங்காததைச் சொல்வது குறையாகிவிடும் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். அந்த ஒரு கேள்வியைப் பார்த்துத்தான் பலர் பதில் எழுதுவார்கள். திசைக் கோணத்தை மாற்றிக் கொடுத்த கதையையும் என் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியிருந்தேன், நேர்முகத்தில் அதைப் பற்றியே அதிக நேரம் கேட்டார்கள்.

அதே நேர்முகத்தில் ஒரு படத்தைத் திரையில் இட்டு, அதில் என்ன காண்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். சுழல்கள் நிறைந்த மிக அழகான பாய்மப் படம் அது. நிற அளவுகோல் இல்லை, அலகு இல்லை, எந்தக் கணத்துக்குரியது என்றும் இல்லை. இத்தகைய படத்தை உங்கள் முன் வைத்தால், சுழல்களை வர்ணிக்கத் தொடங்காமல், இல்லாத அந்த மூன்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள். தந்த பிறகு பேசுங்கள்.